அம்மப்பாவின் குரூடன் கொன்கோடன்ஸ்: இது என்ன புத்தகம், தமிழ் வேதாகமத்தோடு வைத்துப் படிக்கலாமா?

உவர்மலைப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் துப்புரவு செய்தபோது அடியில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. மட்டை பாதி போய்விட்டது, முதல் சில பக்கங்கள் இல்லை, அதனால் எந்த ஆண்டு அச்சு என்றும் தெரியவில்லை. முதுகில் குரூடன்ஸ் கொன்கோடன்ஸ் என்று மங்கலாக இருக்கிறது. கையில் எடுத்தால் செங்கல் கனம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி, கடுகு கடுகாக எழுத்து.

இது அம்மப்பாவுடையது. அவர் திருகோணமலைக் கடற்படை டொக்யாட்டில் கிளாக்காக இருந்தவர். 1957 இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன நேரம், ஊருக்குக் கிளம்பிய ஒரு துரை வீட்டுச் சாமான்களை விற்றாராம், எல்லோரும் கதிரை மேசை வாங்க அம்மப்பா இதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அம்மம்மா சொல்லுவா. வார நாளில் கணக்கு எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த சபையில் பிரசங்கம் செய்வார். 1990 இல் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ சாமானை விட்டுவிட்டுப் போனவர்கள் இதை மட்டும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பக்க ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ்க் குறிப்பு. நங்கூரம் என்ற சொல் வருகிற இடத்தில் "எபி. 6:19. ஆத்தும நங்கூரம். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இதை வைத்துப் பேசலாம்" என்று எழுதி, கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது, அது அழிந்துபோய்விட்டது. அதைப் பார்த்ததிலிருந்து புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஆனால் மாமா ஒருவர், இதை எழுதினவன் ஒரு பைத்தியக்காரன், பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடந்தவன், இந்தப் புத்தகம் வீட்டில் எதற்கு, பழைய பேப்பரோடு போடு என்கிறார். இது உண்மையா? யார் இந்த மனிதர்? எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், ஆனால் வேதாகமம் வாசிப்பது தமிழில்தான். அப்படி வாசிக்கிற எனக்கு இந்தப் புத்தகத்தால் ஏதாவது பயன் இருக்கிறதா?

சல்லிக் கடற்கரை:

தங்கச்சி, தயவுசெய்து பேப்பர்காரனிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் சைவம், ஆனாலும் இது என்ன வகைப் புத்தகம் என்று தெரியும். பைபிளில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறதோ அத்தனை இடத்தையும் அகர வரிசையில் போட்டிருக்கும், தமிழில் சொல்லடைவு என்பார்கள்.

எங்கள் தேவாரப் புத்தகங்களில் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு இருக்கும். கோணேசர் பதிகத்தை எடுங்கள், "நிரைகழல் அரவம்" என்ற தொடக்கம் தெரிந்தால் நி என்ற எழுத்தில் பார்த்து உடனே பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் சம்பந்தர் நம் ஊர்க் கடலைப் பற்றி நடுவில் எங்கோ ஒரு வரி பாடினாரே, அது எந்தப் பாட்டு என்று தேடினால் முதற்குறிப்பு உதவாது. முதல் அடி வாய்க்கு வந்தால்தான் அது வழி காட்டும். உங்கள் அம்மப்பாவின் புத்தகத்துக்கு நடுவில் உள்ள ஒரு சொல் ஞாபகம் இருந்தாலே போதும். இப்போது போனில் தட்டினால் வந்துவிடுகிறது, சரி, ஆனால் போன் வருவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து எழுதியிருக்க வேண்டும் அல்லவா, அதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பாலையூற்று வாத்தியார்:

பிள்ளை, மாமா சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியையும் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதரைப் பற்றிப் பேச வேண்டும்.

அலெக்சாண்டர் குரூடன் ஸ்கொட்லாந்தில் அபர்டீன் நகரத்தவர், 1699 இல் பிறந்தவர். அங்கேயே மரிஷல் கல்லூரியில் படித்தார். இளவயதில் ஒரு காதல் கைகூடாமல் போய், மனம் உடைந்து, வீட்டார் அடைத்துவைக்கும் நிலைக்கு வந்தார். அப்புறம் ஊரை விட்டு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் அச்சுப்பிழை திருத்தியும் பிழைத்தார். 1732 இல் லண்டனில் றோயல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் ஒரு புத்தகக் கடை போட்டார், 1735 இல் கரோலின் அரசிக்குப் புத்தகம் கொடுக்கும் வியாபாரி என்ற பட்டமும் கிடைத்தது. அந்தக் கடையில் இருந்துகொண்டுதான் இந்தப் பெரிய வேலையைத் தூக்கித் தலையில் வைத்தார். கிங் ஜேம்ஸ் பைபிள் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, சொல் சொல்லாகப் பிரித்து, அது வருகிற அதிகாரம், வசனம், பக்கத்தில் வருகிற நாலைந்து சொற்கள், இப்படி எல்லாவற்றையும் கையால் எழுதி அடுக்கினார். உதவிக்கு ஒரு குழுவோ சம்பளம் கொடுக்க ஒரு சபையோ இல்லாத தனி மனிதர். சில முக்கியமான சொற்களுக்கு விளக்கமும் எழுதினார், உங்களுடைய பிரதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள், பிற்காலச் சுருக்கப் பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள்.

புத்தகம் 1737 இல் வந்தது. நவம்பர் 3 ஆம் திகதி அரசியிடம் முதல் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், அரசி 100 பவுண் தருவதாகச் சொன்னா. அதே மாதம் 20 ஆம் திகதி அரசி இறந்துவிட்டா. அச்சுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை, கடையை மூட வேண்டி வந்தது. அடுத்த வருடம், 1738 இல், பெத்னல் கிறீனில் ஒரு தனியார் மனநோயாளர் விடுதியில் அவரைக் கொண்டுபோய் அடைத்தார்கள். காலில் சங்கிலி போட்டுக் கட்டிலோடு பிணைத்திருந்தார்கள். அவர் அந்தக் கட்டிலின் காலை அறுத்து, சங்கிலியோடேயே மதில் ஏறித் தப்பினார். பிறகு தனக்கு நடந்ததை எழுதி அச்சிட்டு வெளியிட்டார், அடைத்தவர்கள் மீது வழக்கும் போட்டார். வழக்கில் தோற்றார், 1753 இல் சொந்தச் சகோதரியே திரும்பவும் அடைக்க வைத்தா.

அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்ததா, அல்லது ஒட்டாமல் நடக்கிற ஒரு பிடிவாதக்காரரை அந்தக் காலத்தவர் அப்படி அடைத்தார்களா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். தன்னைத் திருத்துநர் அலெக்சாண்டர் என்று அழைத்துக்கொண்டு, நாட்டின் ஒழுக்கத்தைத் திருத்தக் கடவுள் தன்னை அனுப்பினார் என்று நம்பினார். சுவரில் பிடிக்காத அரசியல் எழுத்தைக் கண்டால் துடைக்கக் கையில் கடற்பஞ்சு கொண்டு திரிந்தார். அதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1762 இல் றிச்சர்ட் பொட்டர் என்ற படிக்காத கடலோடி ஒருவன் கள்ளக் கையெழுத்து வழக்கில் தூக்குத்தண்டனை பெற்று நியூகேட் சிறையில் கிடந்தான், அவனுக்காக நடையாய் நடந்து, பெரிய ஆட்களின் வாசலில் நின்று, தூக்கை நாடுகடத்தலாக மாற்ற வைத்ததும் இதே மனிதர்தான். அந்தப் புத்தகம் வீட்டில் இருப்பதால் வீட்டுக்கு ஒரு குறையும் வராது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் பதிப்பு 1761, மூன்றாவது 1769, இரண்டும் நன்றாக விற்றன. 1770 நவம்பரில் இஸ்லிங்டனில் அவருடைய அறையில் முழந்தாளில் நின்று ஜெபிக்கிற நிலையிலேயே இறந்து கிடந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அவருடைய புத்தகம் இன்றைக்கும் அச்சில் கிடைக்கிறது.

இன்னொன்று, இவர் இதை முதலில் செய்தவர் இல்லை. 1230 வாக்கில் பாரிசில் தொமினிக்கன் துறவிகள், ஹியூ ஒவ் செயின்ட் ஷேர் என்பவர் தலைமையில், லத்தீன் வேதாகமத்துக்கு ஒரு சொல்லடைவு செய்தார்கள். அப்போது வசன எண்ணே கிடையாது, ஒவ்வொரு அதிகாரத்தையும் ஏழு துண்டாகப் பிரித்து, ஏழுக்கும் ஏ முதல் ஜீ வரை எழுத்துக் கொடுத்துத்தான் இடம் காட்டினார்கள். ஆங்கிலத்தில் முதல் முழுச் சொல்லடைவு 1550 இல் ஜோன் மார்பெக் என்ற தேவாலய இசைக்காரர் செய்தது. அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது சமயக் குற்றம் சாட்டிப் பிடித்துக் காகிதங்களையெல்லாம் பறித்துக்கொண்டார்கள், எரித்துக் கொல்லத் தீர்ப்பும் ஆனது, கடைசி நேரத்தில் மன்னிப்புக் கிடைத்தது. வெளியே வந்து திரும்ப முதலில் இருந்து எழுதினார். ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மனிதர் பட்ட பாட்டைப் பாருங்கள்.

உவர்மலைப் பேத்தி:

ஐயா, மிக்க நன்றி. அம்மம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன், கட்டிலை அறுத்துத் தப்பிய இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. சொல் விளக்கங்கள் இருக்கின்றன, அதனால் சுருக்கப் பதிப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் பயன்படுத்திப் பார்த்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அன்பு என்று வருகிற ஆங்கிலச் சொல்லை எடுத்து யோவான் 21 க்குப் போனேன். இயேசு பேதுருவிடம் மூன்று தரம் கேட்கிற இடம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தான், குரூடனிலும் ஒரே தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் முதல் இரண்டு தரம் "அன்பாயிருக்கிறாயா", மூன்றாம் தரம் "நேசிக்கிறாயா". பேதுரு மூன்று தரமும் "நேசிக்கிறேன்" என்றுதான் சொல்கிறார். அம்மப்பா அந்த இடத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். தமிழில் ஏன் அப்படி மாற்றினார்கள்?

நிலாவெளி றோட் அக்கா:

தங்கச்சி, உங்கள் அம்மப்பாவின் அந்த "ஏன்?" எனக்கு நெஞ்சைத் தொட்டுவிட்டது, ஏனென்றால் எனக்கும் அதே இடத்தில்தான் அதே கேள்வி வந்தது.

மாற்றியது தமிழ் இல்லை. கிரேக்க மூலத்திலேயே இரண்டு சொல். முதல் இரண்டு தரம் இயேசு கேட்பது அகப்பாவோ, பேதுருவின் பதிலும் மூன்றாவது கேள்வியும் பிலேயோ. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு அன்பாயிருத்தல், மற்றதற்கு நேசித்தல் என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. கிங் ஜேம்ஸ் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டது. இரண்டுக்கும் பொருளில் உண்மையான வேறுபாடு உண்டா, அல்லது யோவான் சும்மா சொல்லை மாற்றி மாற்றி எழுதினாரா என்று அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் சொல் வேறு என்பது தமிழ் வாசகனுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, அம்மப்பாவுக்குத் தெரிந்த மாதிரி.

குரூடன் ஆங்கிலச் சொல்லை மட்டுமே வைத்துச் செய்ததால் இதைக் காட்ட முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1879 இல் எடின்பரோவில் றொபேட் யங் ஒரு சொல்லடைவு வெளியிட்டார், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே மூலச் சொல் எதுவோ அதன்படி வசனங்களைப் பிரித்து வைத்தார். பிறகு 1890 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்ட்ரோங். அவரும் மெதடிஸ்தர்தான், ட்ரூ செமினறியில் பேராசிரியர். நூற்றுக்கு மேற்பட்டவர்களின் உதவியோடு 35 வருடம் வேலை செய்தார். அவர் செய்த பெரிய காரியம் எண். எபிரேயச் சொற்களுக்கு 1 முதல் 8674 வரை, கிரேக்கச் சொற்களுக்கு 1 முதல் 5624 வரை எண் கொடுத்தார். எபிரேய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத ஆள் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலச் சொல்லுக்குப் போகலாம். அகப்பாவோ கிரேக்கத்தில் 25, பிலேயோ 5368.

தமிழ் வாசிக்கிற நமக்குப் பெரிய உதவி அந்த எண்தான். வசனத்தைத் தமிழில் வாசியுங்கள், அதே வசனத்தை ஸ்ட்ரோங் எண் போட்ட ஆங்கிலத்தில் பாருங்கள், எண்ணை எடுங்கள், அந்த எண் வருகிற மற்ற வசனங்களைத் திரும்பத் தமிழில் வாசியுங்கள். ஆங்கிலம் நடுவில் ஒரு பாலம் மாதிரி நின்றால் போதும்.

எல்லா இடத்திலும் தமிழ் பிரித்துக் காட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், சில இடத்தில் தமிழ்தான் சேர்த்துவிடுகிறது. சங்கீதம் 136 எடுங்கள், 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". அந்தக் கிருபை எபிரேயத்தில் ஹெசெட், எண் 2617. புதிய ஏற்பாட்டில் பவுல் கிருபை கிருபை என்று எழுதுவது கிரேக்கத்தில் காரிஸ், எண் 5485. ஆங்கிலத்தில் முன்னதற்கு மேர்சி, பின்னதற்கு கிறேஸ் என்று வேறு வேறு சொல், நமக்கு இரண்டும் கிருபைதான். நான் வருடக்கணக்காக இரண்டையும் ஒன்றாகவே நினைத்து ஜெபித்தவள். ஹெசெட் என்றால் உடன்படிக்கை செய்துகொண்டவர் கடைசி வரை கைவிடாமல் காட்டுகிற இரக்கம் என்று படித்த அன்றைக்கு, அந்த 26 வரியையும் திரும்ப ஒருதரம் சத்தமாக வாசித்தேன்.

நாம் வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்புக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கி, பப்ரிசியஸ், இரேனியஸ் என்று வந்து, யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் ஐயர் தலைமையில் மொழிபெயர்த்த முழு வேதாகமம் 1850 இல் வந்தது. அதில் ஆறுமுக நாவலர் அவருக்குத் துணையாக இருந்து உழைத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு பவர் ஐயர் தலைமையில் 1871 இல் வந்ததுதான் இன்றைக்குச் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல்.

கிண்ணியா மாணவன்:

இந்த உரையாடலை இரவு முழுக்க வாசித்தேன், ஒன்று சொல்லலாமா. நான் மதரசாவில் ஓதியவன். எங்களிடமும் இப்படி ஒன்று இருக்கிறது, அல் முஃஜம் அல் முஃபஹ்ரஸ். குர்ஆனில் வரும் சொற்களை வேர்ச்சொல் வாரியாக அடுக்கியது, எகிப்தைச் சேர்ந்த முஹம்மத் புஆத் அப்துல் பாக்கி 1945 இல் வெளியிட்டார். அவருக்கு முன் 1842 இல் ஜேர்மனியில் குஸ்தாவ் ஃப்ளூகல் என்பவர் ஒன்று செய்திருந்தார், அப்துல் பாக்கி அதை அடிப்படையாக எடுத்துப் பிழைகளைத் திருத்தி ஒழுங்குபடுத்தினார்.

அக்கா சொன்ன கிருபை விஷயம் எங்களுக்கு வேறு விதமாக வருகிறது. அரபியில் ஒரு சொல்லைத் தேட அதன் மூன்றெழுத்து வேர் தெரிய வேண்டும். ரஹ்மத், ரஹ்மான், ரஹீம் எல்லாம் ர, ஹ, ம என்ற ஒரே வேரின் கீழ் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் ஒன்றுக்கு அருள், ஒன்றுக்கு அளவற்ற அருளாளன், ஒன்றுக்கு நிகரற்ற அன்புடையோன் என்று வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் ஒரு குடும்பம் என்று பளிச்சென்று தெரியும். எங்கள் உஸ்தாத் கிதாபைத் திறக்காமல் எங்களை வேரைச் சொல்லச் சொல்லுவார், சரியாகச் சொன்னால்தான் கிதாபைக் கையில் தருவார்.

உவர்மலை அக்கா, அம்மப்பாவின் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பாலையூற்று வாத்தியார்:

தம்பி சொன்னதைப் படித்து மிகவும் சந்தோசம்.

பிள்ளை, பத்திரமாக வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மாரி தொடங்க முன் இதைச் செய்யுங்கள். நம் ஊர் உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் பழைய காகிதத்துக்கு எமன். இரும்புப் பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டாம், உள்ளே வேர்த்து பூஞ்சணம் பிடிக்கும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் தின்றுவிடும். மட்டையை வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமுள்ள அலுமாரித் தட்டில் படுக்கையாக வையுங்கள், வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். பூச்சிக்கு ஒரு துணிப் பொட்டலத்தில் வசம்புத் துண்டு கட்டிப் பக்கத்தில் வைக்கலாம், புத்தகத்தில் படாமல். பென்சில் குறிப்புகளின் மேல் விரல் படப் படத் தேயும், அதனால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். குரூடன் வேறு பிரதி வாங்கலாம், அம்மப்பாவின் கையெழுத்துக்கு வேறு பிரதி கிடையாது.

உவர்மலைப் பேத்தி:

நேற்று முழுக்க அம்மம்மாவும் நானும் உட்கார்ந்து படம் எடுத்தோம், ஏ முதல் எஃப் வரை முடிந்தது. அக்கா சொன்ன மேர்சியைப் பொறுக்க முடியாமல் முன்னதாகவே எடுத்துப் பார்த்தேன். அங்கே சங்கீதம் 136 க்கு நேராக அம்மப்பா ஒரு குறிப்பும் எழுதவில்லை, 26 சின்னக் கோடு மட்டும் போட்டிருக்கிறார், நாட்கணக்கு எண்ணுகிற மாதிரி ஐந்து ஐந்தாகக் கட்டி. அம்மம்மா அதை விரலால் தொடாமல் மேலே பிடித்தபடி எண்ணினா. மாமாவும் பக்கத்தில் நின்று பார்த்தார், பேப்பர்காரன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நங்கூரப் பக்கத்தின் படத்தை இதோடு போட்டிருக்கிறேன். "துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இதை வைத்துப் பேசலாம்" என்பதற்குக் கீழே உள்ள வரியில் "அப். 27" என்றும் "நாலு" என்றும் எனக்கு வாசிக்க முடிகிறது. அப்போஸ்தலர் 27 இல் பவுலின் கப்பலில் இருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு எப்போது விடியும் என்று காத்திருந்த இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கடுத்த மூன்று சொல்லை வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தும் பிடிபடவில்லை. பழைய கையெழுத்து வாசித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.